சுட்டால் சொல்லுங்கோ

பெப்ரவரி, வியாழன் இரவு

பொலிதேயாமாச் சதுக்கத்திலை நான் வேலை செய்யிற சிகிச்சை நிலையத்துக்கு இண்டைக்கு அந்தோனி அண்ணை வந்தார். அவர் சம்பளத்துக்குப் பாக்கிற, படுக்கையிலை கிடக்கிற ஒரு வயசான இத்தாலியச் சிஞ்ஞோராவைத் தூக்கித் தூக்கி அவருக்கு வலது தோள் போயிட்டுது. இனித் தூக்கேலாதெண்டால் சிஞ்ஞோராவின்ரை மகள் வேறை ஆள் பிடிப்பாள்.

ஜப்பான் முறையிலை தோளிலை அக்குபங்சர் ஊசி ஏத்தி, அதின்ரை தலையிலை மூலிகைப் பஞ்சை வைச்சுக் கொளுத்தினன். இளஞ்சூடு தசைக்குள்ளை இறங்கினால் போதும். "சுட்டால் உடனை சொல்லுங்கோ, எடுத்திடுவன்" எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன். "ஓம் தம்பி" எண்டார். பிறகு வாயே திறக்கேல்லை. பக்கத்துக் கட்டில்காரரைப் பாத்திட்டுத் திரும்பினால், தோல் பொங்கிக் கொப்புளம்.

"ஏன் சொல்லேல்லை?"

"நல்லாச் சுட்டால்தானே தம்பி நோ போகும்."

"நீங்கள் என்ன மாடே, குறி சுட?"

சிரிச்சுக்கொண்டு மற்றத் தோளையும் காட்டுறார்! நாளைக்கு விடியச் சிஞ்ஞோராவைத் தூக்கோணுமாம்.

"இந்தத் தோளோடை ஒரு கிழமைக்கு ஒருத்தரையும் தூக்கேலாது. எழும்பி வீட்டை போங்கோ" எண்டு ஊசியைக் கழட்டினன்.

சிரிப்பு நிண்டிட்டுது. ஒற்றைக் கையாலை சேட்டோடை மல்லுக்கட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டன். துணி கொப்புளத்திலை உரசிச்சுது.

"சுடுது தம்பி" எண்டார்.

"இப்பதான் வாய் வருதோ?" எண்டு கேட்டன்.