அப்பாவின் படகில் ஒரு பிரசவம்

சான் கிறிஸ்தோபல் தீவு
ஞாயிறு காலை

என் செல்ல யாதிராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும், நம் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பேரும் நலம், குவாயாகில் வெயிலில் நீயும் நலமாயிருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யாரென்று சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை கால்பந்து பார்க்கிற அவசரத்தில் உன் அப்பா மணலில் ஏற்றிய படகில் எதுவும் ஏறாதபடி சுற்றி முள் வைக்க மறந்துவிட்டார், காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கடற்சிங்கம் உள்ளே ஏறி அவருடைய புது வலையின் மேலேயே குட்டி போட்டிருக்கிறது! நாளை சிங்கி இறால் பருவம் தொடங்குகிறது, வருடமெல்லாம் அவர் காத்திருந்த நாள், படகோ பிரசவ அறை.

உன் ஞானத்தகப்பன் லவுத்தாரோ வந்து, "என்னய்யா அப்சலோன், பொண்டாட்டியைக்கூட ஏத்தாத படகுல யாருய்யா புதுசா?" என்று கேட்டுவிட்டு, துடுப்பால் தள்ளிவிடலாமா என்றார். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்! அப்பா அந்தத் துடுப்பைப் பிடுங்கி மணலில் ஒரு கோடு இழுத்து, "ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும், அதான் இந்தத் தீவு சட்டம்! தாண்டினா காலை ஒடிச்சுருவேன். பச்சை உடம்புக்காரி தூங்குறா" என்று கத்தினார். நீ கடல் பிராணிகளைப் பற்றிப் படிக்கக் கிளம்பிய அன்று, "என் வலையைக் கிழிக்கிற சனியனுக்கு நீ வக்கீலா?" என்று கேட்டுவிட்டு, பதினோரு மாதமாக நீ கூப்பிட்டால் போன் பக்கமே வராத அதே மனிதர்தான். நாளை லவுத்தாரோவின் படகில் போகிறாராம், முப்பது வருடத்தில் அடுத்தவன் படகில் கால் வைக்காதவர். "குறட்டை விட்டா கடல்ல தள்ளிருவேன்" என்று லவுத்தாரோ இப்போதே மிரட்டுகிறார்.

நீ வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே, ஒரு வாழைக்காய் உருண்டையாவது சாப்பிட்டுவிட்டுப் போ, தலைமுடியை ஈரத்தோடு கட்டாதே. இன்றைய விமானத்தில் வரும் டீச்சரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே பாலாடைக்கட்டி இருக்கிறது, கெடுமுன் தின்றுவிடு. கார்மேல் மாதா உன்னைக் காக்கட்டும். கீழே இருக்கிற கோணல் எழுத்து என்னுடையது இல்லை, நான் சொல்லியும் எழுதவில்லை, பேனாவை அவராகத்தான் பிடுங்கினார்.

உன் அம்மா,
எவுதோசியா

யாதிரா, இங்க ஒரே தூறல். குட்டிக்கு மேல தார்ப்பாய் கட்டலாமா, கூடாதா? கடிதம் எழுதிக்கிட்டு உக்காராதே, போன் பண்ணு. நானே எடுக்கிறேன். — அப்பா