மலை முள்ளும் என் நாக்கும்

நேற்று ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரின் சலவை வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டேன், மாமா. நாற்பத்தைந்து வயது ஆள் செய்கிற காரியமா? அவர் ஏதோ கஷாயப் பாட்டிலைத் திறந்தார். ஊறப்போட்டு மறந்துபோன ஆட்டுத்தோல் வாடை. அவ்வளவுதான், பத்து வருஷம் பின்னால் போய்த் திண்டுக்கல்லில் உங்கள் தோல் மண்டியில் விழுந்தேன்.

சொந்தமில்லாமலே மாமன் மாப்பிள்ளை ஆனவர்கள் நாம். உங்களுக்கு அப்போது இளைப்பு. நாலு தோலைப் புரட்டுவதற்குள் மூச்சு வாங்கி, தோல்கட்டின் மேல் உட்கார்ந்துவிடுவீர்கள். டாக்டர் மாத்திரை எழுதி, ஒருநாள்கூட விடக்கூடாது என்று கண்டித்திருந்தார். நீங்களோ கொடைரோடு ஸ்டேஷனில் ஒரு மலைக்காரர் விற்ற முள்ளுச்செடியைக் கொண்டுவந்தீர்கள். ஊதாப்பூ, இலை முழுக்க ஊசி. மேகம் தங்கும் உச்சிச் சரிவில் மட்டும், அதுவும் எங்கோ ஒன்று முளைக்குமாம். அத்தனை அபூர்வமான செடி, கஷாயம் வைத்தால் இத்தனை நாறுமா?

மருந்தைத் தனியாகக் குடிக்கவே மாட்டீர்கள்.

"மொத வாய் நீ குடி மாப்ளே. அப்பத்தான் எனக்கு எறங்கும்."

"எனக்கென்ன நோவு மாமா?"

"செத்த நேரம் முன்னாடி இருமுனியே!"

குடித்தேன். அந்தப் பச்சைக் கொழகொழப்பு தொண்டையில் நத்தை மாதிரி நின்று யோசித்துவிட்டு இறங்கும். ஏப்பத்தில் திரும்பி வரும். என் மனைவி பாயைத் தள்ளி விரித்தாள். தெருநாய் மட்டும் பாசமாகப் பின்னால் வந்தது.

ஒன்பதாம் நாள் தப்பிக்க ஒரு பொய் சொன்னேன். "இருமல் சுத்தமா நின்னுருச்சு மாமா. இனி எனக்கு வேணாம்."

உங்கள் முகம் மலர்ந்ததே! "பாத்தியா? டாக்டருக்கு என்ன தெரியும்? மாத்திரையத் தூக்கி எறியப்போறேன்!"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி டம்ளரை நீட்டுவீர்கள். ஊர்வம்பு முழுக்கப் பேசுகிற வாய், அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

இரண்டு மழைக்காலம் கழித்து, மூச்சு முட்டித்தான் போனீர்கள். உங்களை அடக்கம் செய்த மையவாடியில் நின்றபோது, அந்தக் கஷாயத்தைவிடக் கேவலமான ஒன்று என் தொண்டையில் நின்றது. என்மேல் எனக்கே வந்த குமட்டல் அது. இன்னும் இறங்கவில்லை. கல்யாண வீட்டில் பிரியாணி எப்படி என்று கேட்டால்கூட, ஒப்புக்கு நல்லாயிருக்கு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.

இன்று காலை உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் அரிசியில் கல் பொறுக்கியபடியே சொன்னார்:

"மாத்திரைய எங்க எறிஞ்சாக? கடேசி நாள் வரைக்கும் அந்தக் கஷாயத்துலதான் போட்டு முழுங்குனாக."