கண்ணாடி அலமாரியில் தெரிந்த கை

14 செப்டம்பர் 2020, திங்கள்

இன்று யார்டுக்கு ஒரே ஒரு லோரிதான் வந்தது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகள் பாதி மூச்சில் ஓடுகின்றன. உடைந்த பேலட்கூடக் கிடைப்பதில்லை. அந்த மரத்தட்டுகளை வாங்கி, ஆணி பிடுங்கி, பலகை மாற்றி விற்றுத்தான் நிமிர்ந்தேன். வியாபாரம் படுத்தாலும் எழுப்பிவிடுவேன். பயம் அதுவல்ல.

மகள் ஷர்மினி இரசாயனப் பொறியியல் முடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டமளிப்பு விழாவே தள்ளிப் போய்விட்டது. விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதிலே இல்லை. இன்று யார்டுக்கு வந்து சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

“சும்மா இருந்தா பைத்தியம் பிடிக்குதும்மா.”

ஆணியை வளைக்காமல் பிடுங்குகிறாள். எப்போது கற்றாள்? இந்த வேலைக்கே பழகிவிடுவாளோ? அதுதான் பயம்.

22 செப்டம்பர், செவ்வாய்

ஒரு பெயின்ட் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது! நாளை மறுநாள், கணினி வழியாக நேர்காணல். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கொரோனாவுக்காக மார்ச்சில் எல்லைப் பாலம் மூடியதிலிருந்து, வேலைக்குப் போன மனிதர் சிங்கப்பூரிலேயே மாட்டிக்கொண்டார்.

“மதி, அந்த நேரத்துல நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தா போதும் லா.”

நான் என்ன சின்னப் பிள்ளையா?

24 செப்டம்பர், வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் தூக்கமும் வராது.

ஹாலில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அவள் வாங்கிய பள்ளிக் கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரி. கேமராவில் அழகாகத் தெரியும் என்று அவளே தேர்ந்தெடுத்த இடம். நான் அவளுக்கு எதிரே சமையலறை வாசலில், படத்தில் விழாத தூரத்தில். எல்லாக் கேள்விக்கும் படபடவென்று பதில் சொன்னாள். கடைசியில் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார் அந்த மேலாளர்.

“நீங்க எவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்ல, சார்...”

வாங்குகிறவன் வாயைத் திறக்கும் முன்பே யாராவது விலையை இறக்குவார்களா? என் கை தானாக எழுந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து அழுத்தினேன். யார்டில் அதற்கு ‘நிறுத்து, சரக்கைக் கொடுக்காதே’ என்று அர்த்தம். லோரியில் ஏற்றுகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்தவள் இவள். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

“உங்களுக்குப் பின்னால கண்ணாடியில யாரோ கை காட்டுறாங்களே. யார் அது?”

“அம்மா, சார்.”

“பதில் எல்லாம் அவங்கதான் சொல்லித் தர்றாங்களா?”

நான் பாய்ந்து போய்க் கேமரா முன்னால் நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “இல்ல பாஸ், விலைக்கு மட்டும்தான்!” என்றேன்.

அலமாக், மானம் போச்சு. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

25 செப்டம்பர், வெள்ளி

“நான் என்னம்மா, பேலட்டா?” நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

2 அக்டோபர், வெள்ளி

பெயின்ட் கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. வருந்துகிறார்களாம்.

12 அக்டோபர், திங்கள்

தினமும் யார்டுக்கு வருகிறாள். லோரி ஓட்டி வந்த மூர்த்தி, “அக்கா, புது ஆளா? நல்லா வேலை செய்யுதே!” என்றான்.

“அது ஆள் இல்லடா, என் மக. எஞ்ஜினியர்!” என்று கத்தினேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. “எஞ்ஜினியருக்கு எங்க வேலை இருக்குன்னு கேளுங்கண்ணே.”

அந்தக் கண்ணாடியை உடைத்துப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. கண்ணாடி என்ன செய்தது, பாவம். கை யாருடையது?

5 நவம்பர், வியாழன்

ரப்பர் கையுறை செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. இன்று நேர்காணல்.

“வீட்ல வேணாம். லோரி சாவி கொடுங்க.”

லோரியில் ஏறி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனைச் சாய்த்து வைத்தாள். யார்டில் ஒரு சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேலட் அடுக்குக்குப் பின்னால் முதுகைத் திருப்பி நின்றேன். முடியவில்லை. எட்டிப் பார்த்தேன்.

பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிவிட்டு வாயை மூடினாள். கண்ணை அசைக்காமல் போனையே பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. விலையைச் சொல்லிவிட்டாள். இனி முதலில் பேசுகிறவர்தான் விலையில் இறங்கவேண்டும். எத்தனை முறை நானே அப்படி நின்றிருக்கிறேன்! ஆனால் இன்று? கோபப்பட்டு வைத்துவிடுவார்களோ? கூடுதலாகக் கேட்டுவிட்டாளோ? இறங்கிவிடு பிள்ள, இந்தக் காலத்தில் வேலை கிடைத்தால் போதாதா... இதை நினைத்தது நானா?

கை எழுந்தது. இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவள் தலையாட்டினாள். ஆமாம் என்றா, நன்றி என்றா?

14 நவம்பர், சனி

தீபாவளி. வீட்டுக்காரர் போனில் மட்டும். யாரும் வரவில்லை. கையுறைக் கம்பெனியிலிருந்தும் எதுவும் வரவில்லை. மீன் குழம்பை அவளே வைத்தாள், நான் கேட்காமலே எனக்கு ஊற்றினாள்.

23 நவம்பர், திங்கள்

கிடைத்துவிட்டது! ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டு அப்பாவுக்குச் சொல்லப் போனாள்.

இரவு அவர் போனில் சிரித்தார். “எவ்வளவுன்னு சொல்லவா, மதி?”

“வேணாம்,” என்றேன். கேட்டால் கூடவா குறைவா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன்.

1 டிசம்பர், செவ்வாய்

விடியற்காலை. கம்பெனிச் சப்பாத்து, புதுச் சட்டை, முகக்கவசம். வாசலில் நின்று திரும்பினாள்.

“நீங்க கேக்கவே மாட்டீங்களாம்மா?”

“என்னத்த?”

“சம்பளம்.”

“பஸ் வந்துடுச்சு, ஓடு!”

பஸ் இன்னும் தெரு முனையில்கூடத் தெரியவில்லை.