கால் வைத்த தண்ணீர்

அம்மாவுக்கு,

உன் முட்டிவலி இப்போது தேவலையா? கடல் தாண்டி வந்த நாங்கள் நாலு பேரும் சுகம்தான். இந்தப் பழத்தோட்டத்து வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

கோடையைக் கழிக்க முதலாளியம்மா விருந்தாளிகளோடு வந்து இறங்கியிருக்கிறாள். போன வாரம் பிள்ளைகள் இரண்டு பேரும் அவளுடைய நீச்சல் குளத்தில் காலை நனைத்துவிட்டார்கள். "இதுங்க கால் வச்ச தண்ணில யாரு இறங்குறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, குளத்தையே காலிசெய்து கழுவச் சொன்னாள். கழுவியது உன் மாப்பிள்ளை. சின்னவள் அன்றைக்கு முழுக்கத் தன் பாதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதலாளியம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, எங்கள் அறைக்குப் பின்னால் இருக்கும், அவள் வீட்டுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டேன். தலை நிறைய நுரையோடு, கண்ணைத் திறக்க முடியாமல், துண்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தாள்.

"ஒரு வாளி தண்ணி இருந்தா குடும்மா."

"இருக்கு. ஆனா பிள்ளைங்க கால் கழுவின தண்ணி."

வாங்கி ஊற்றிக்கொண்டாள், அம்மா. அது நல்ல தண்ணீர்தான். அதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

உன் மாப்பிள்ளையிடம் போனில் உளறிவிடாதே. பாவம், இன்னும் மோட்டாரைப் பிரித்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜன்னலுக்குத் திரை இல்லை. உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமலே அனுப்பு.

மணி பத்தாகப் போகிறது. இன்று அவள் தலைக்குக் குளிக்கும் நாள். எனக்கு வேலை இருக்கிறது, நிறுத்துகிறேன்.

உன் மகள்