மூன்று கைத் தவிடு

ஜாலான் புசார், சிங்கப்பூர்
3-2-1957

என் தம்பி வேலாயுதத்துக்கு, அக்கா பூவம்மா எழுதுவது. உட்கார்ந்து படி. உன் மச்சான் தந்தி கொடுக்கலாம் என்றார். தந்தி என்றாலே நீ பயந்து கடலில் குதிப்பாய், கடிதமே போதும் என்றேன்.

உன் பெண்டாட்டி கண்மணிக்கு முந்தாநாள் பெண் பிறந்திருக்கிறது. ஏழாம் மாசத்திலேயே வந்துவிட்டாள். உன்னைப் போல இல்லை, அவசரக்காரி. எடை இரண்டே முக்கால் பவுண்டு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நாம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். மூக்கில் ரப்பர் குழாய், அதில் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால். சில சமயம் மூச்சு விட மறந்துபோகிறாள். நர்ஸ் தங்கம் மிஸ்ஸி உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவாள், இவள் கோபித்துக்கொண்டு மறுபடி மூச்சு விடுவாள். இவ்வளவு கோபம் இருக்கிற பிள்ளை எங்கேயும் போகாது. பிழைப்பாள், எழுதி வைத்துக்கொள்.

கண்மணி நன்றாக இருக்கிறாள். பேர் பதிய வேண்டுமாம். என்ன பேர் என்று எழுது.

உன் அக்கா
பூவம்மா

கல்கத்தா
13-2-1957

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கப்பல் இன்னும் பழுது பார்க்கிற இடத்திலேயே நிற்கிறது. சமையல்கட்டு வேலை மட்டும் குறையவில்லை. கண்மணி உடம்பைப் பார்த்துக்கொள். பத்தியச் சாப்பாடு கொடு, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே. மச்சானுக்கு என் வணக்கம்.

வேலாயுதம்

ஜாலான் புசார்
24-2-1957

தம்பி,

உன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். கப்பல் இருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது. பிள்ளையைக் காணோம். கண்மணி படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும்டா. போன தடவை பேரும் வைத்து, கொலுசும் வாங்கி வைத்தாய். மூன்றாம் நாளே அந்தப் பிள்ளை போய்விட்டது. அதற்காக இவளை இல்லாதவள் மாதிரி நடத்தினால் எப்படி?

சரி, நானே ஒரு காரியம் செய்தேன். தங்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது நம்மில் உண்டுதானே. இன்னார் பிள்ளை என்று தேடி வருகிற எமனுக்கு விலாசம் மாறிப்போகும். கண்மணி வீட்டுக்கு வருகிற அன்று, அழகப்பன் மாட்டுக் கொட்டகையில் மூன்று கைத் தவிடு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் மடியில் போட்டு, "இந்தாம்மா, பிள்ளை இனிமே என்னுது"ன்னேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

தங்கம் மிஸ்ஸி பிடித்துக்கொண்டாள். "என்னம்மா இது, ஆஸ்பத்திரியில மாட்டுத் தீனி!"

"தீனி இல்லை மிஸ்ஸி, பிள்ளைக்கு விலை. பெட்டியில இருக்கிற அட்டையில என் பேரை எழுதுங்க."

"அட்டையெல்லாம் மாத்த முடியாது லா. முதல்ல தரையைக் கூட்டுங்க."

கூட்டினேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாக எனக்கு ஆகாத காரியம் மூன்று கைத் தவிட்டில் ஆகிவிட்டது. தினமும் கண்மணியின் பாலைப் புட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். இப்போது மூன்று பவுண்டு நாலு அவுன்ஸ். குழாயை எடுத்துவிட்டார்கள்.

உனக்குப் பிள்ளை வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேள். கேட்காவிட்டால் நானே பேர் வைப்பேன். எனக்குத் தெரிந்த பேரெல்லாம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கள் பேர்தான்.

பிள்ளைக்குச் சொந்தக்காரி
பூவம்மா

கல்கத்தா
8-3-1957

அக்கா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். பிள்ளை என்று எழுதினால் போய்விடுமோ என்று பயம். வேறொன்றும் இல்லை. கண்மணியிடம் இதைப் படித்துக் காட்டு.

என் மகளை எனக்குத் திருப்பிக் கொடு. பேர் சிவகாமசுந்தரி. இந்த மாசக் கடைசியில் கப்பல் கிளம்புகிறது.

வேலாயுதம்

ஜாலான் புசார்
30-3-1957

தம்பி வேலாயுதத்துக்கு,

கப்பல் வழியில் பினாங்கில் நிற்கும் என்று உன் மச்சான் விசாரித்துச் சொன்னார். அதனால் அந்த விலாசத்துக்கே எழுதுகிறேன்.

நேற்று ஐந்து பவுண்டு ஆனதும் அனுப்பிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றே பழகியவள், முதல்முதலாகக் கையில் வாங்கினேன். டாக்சியில் வீடு வரைக்கும் நான்தான் வைத்திருந்தேன். டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த மனுஷன், "அம்மா, நடந்தே போயிருக்கலாம்"ன்னான்.

வாசலில் கண்மணி கையை நீட்டினாள். கொடுக்காமல் நின்றேன், தம்பி. உன்னிடம் மறைப்பானேன். கண்மணிக்குப் புரிந்துவிட்டது. "நீங்களே வச்சிருங்க அண்ணி, நான் அடுப்பைப் பார்க்கிறேன்"னாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அதுவரை காட்டாமல் வைத்திருந்த உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டி, பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டேன்.

பேர் பிள்ளையைவிட நீளம். கூப்பிட்டு முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறாள்.

சீக்கிரம் வந்து சேர். பிள்ளை உன்னுடையதுதான், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் சாயங்காலம் குளிப்பாட்டுவது நான். அதை யாரையும் கேட்கப்போவதில்லை.

அத்தை
பூவம்மா