மீன்கொட்டகை வாசல் கடை

1969 ஜனவரி 20, திங்கள்

இன்றைக்கும் ஒருத்தி ஓடிவிட்டாள். பட்டுச்சேலை, கையில் குடை, நல்ல கிராக்கி. இரண்டு கெஜம் லேஸ் அளந்து கத்தரி வைக்கப்போன நேரம் பார்த்து மீன்கொட்டகையிலிருந்து ஒரு காற்று. மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்புறம் வரேன்" என்று போனாள். வருவாளா? வரமாட்டாள்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குள் நூல், பொத்தான், ரிப்பன், லேஸ் விற்கிற கடை என் கடை ஒன்றுதான். பதினொரு வருஷமாக நடத்துகிறேன், எவர் தயவிலும் இல்லை. ஆனால் இடம் மீன்கொட்டகை வாசலில் அமைந்துவிட்டது. என் கடைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அங்காளம்மாள் அரிவாள்மணை போடுவாள். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். வாடையைப் பற்றிக் கேட்டால், "மீனு மீனாட்டம்தான் நாறும், பின்ன சென்ட்டாட்டமா நாறும் ஹில்டாம்மா?" என்கிறாள். வாயைப் பார்!

முடிவு செய்துவிட்டேன். ரோட்டைப் பார்த்த முன்வரிசைக்கு இடம் மாற்றித் தரச் சொல்லி மனு கொடுக்கப்போகிறேன். வீட்டுக்காரர் வழக்கம்போல், "எதுக்கு வம்பு ஹில்டா" என்றார். ரயில்வே குமாஸ்தாவுக்கு எல்லாமே வம்புதான்.

பிப்ரவரி 11

மார்க்கெட் சூப்பிரண்டு தோத்தாத்ரி மீன் வாடை தாங்காமல் மூக்கில் கைக்குட்டையோடு உத்தியோகம் பார்க்கிற மனிதர். என் கஷ்டம் அவருக்குப் புரியாதா? மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இடம் மாத்தறது என்னம்மா, பில்டிங்கையே மாத்தப்போறோம்."

இடிக்கப்போகிறார்களாம். உத்தரமெல்லாம் கரையான். புதுக் கட்டடத்தில் எல்லாருக்கும் கடை உண்டு. பின்பக்கமாக, மீனுக்கென்று தனிக் கொட்டகை. "உங்க மனுவை மறக்கமாட்டேன்" என்றார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

அங்காளம்மாளிடமும் நேராகவே சொல்லிவிட்டேன். ஒளிவு மறைவு எனக்கு ஆகாது. "போயேன், இப்ப இன்னா" என்றாள். முதுகைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 2

வருகிற வாரம் இடிக்கிறார்கள். இந்தக் கட்டடத்தின் சரித்திரத்தை நான் எழுதி வைக்காவிட்டால் வேறு எவர் எழுதப்போகிறார்கள்? எழுதுகிறேன்.

முகப்பு வளைவில் சுண்ணாம்பில் 1934 என்று போட்டிருக்கும். அதில் 3 உதிர்ந்து வெகு நாளாயிற்று. உள்ளே நிற்பவை தூண்களே அல்ல, பழைய தண்டவாளங்கள். ரயில்வே கழித்துப் போட்டதை வாங்கி நட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார். யுத்த காலத்தில் சிப்பாய்கள் முட்டையைக் கூடையோடு வாங்கிக்கொண்டு போக, ஊர்க்காரர்களுக்கு முட்டை இல்லாமல் பெரிய அடிதடி. அன்றைக்கு உடைந்த ஓடுகளை இன்றுவரை மாற்றவில்லை, மழை வந்தால் வெங்காயக் கடையில் ஒழுகும். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மீன்கொட்டகை ஆதியில் கிடையாது, பிற்பாடு ஒட்டவைத்தது. அதனால்தான் என் கடையில் வந்து முட்டுகிறது. அவ்வளவுதான் சரித்திரம். போகட்டும்.

மார்ச் 10

இடித்தாயிற்று. வளைவு விழுந்தபோது அங்காளம்மாள் கடப்பாரைக்காரனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் அழவில்லை. சரி, அழுதேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 5

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தற்காலிகமாகக் கீற்றுக் கொட்டகைகள். மனுவின் புண்ணியத்தில் எனக்கு பஸ் நிற்கிற பக்கம். மீன்காரிகள் மறுகோடியில், ரயில் பாதை ஓரம். வாடை துளிகூட இல்லை. ஆளும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ரிப்பன் பறக்க வேண்டாமா? புழுதிதான் காரணம்.

ஜூலை 14

முழு நாளும் ஒரே ஒரு ஊசிப் பாக்கெட். வெயில்தான் காரணம்.

ஜூலை 22

மழைதான் காரணம்.

ஆகஸ்ட் 9, சனி

மீன் வாங்க மறுகோடிக்குப் போனேன். அங்காளம்மாள் முன்னால் ஒரு கூட்டம். வாங்கியவர்கள் எல்லாரும் அவள் அரிந்து தரும்வரை நிற்கிறார்கள். ஒருத்தி ரயிலைப் பார்க்கிறாள், ஒருத்தி வானத்தைப் பார்க்கிறாள், ஒருத்தி தன் கால் விரலைப் பார்க்கிறாள்.

அடிப் பாவி ஹில்டா! பழைய கட்டடத்தில் இவர்கள் எங்கே நின்றார்கள்? என் கடையில்! சும்மா நிற்க முடியாமல் உள்ளே வருவார்கள், பொத்தான் டப்பாவைக் கிளறுவார்கள். கிளறியவள் எவளாவது வெறுங்கையோடு போனதுண்டா? மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ஒருத்திக்காக இத்தனை பேரையும் மனு எழுதித் துரத்தியிருக்கிறேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். வேறு எவராலும் இது முடியாது.

இருக்கட்டும். எழுதிக் கெடுத்தவள் எழுதியே சரிசெய்வேன். மீன்கொட்டகை வாசல்தான் எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 11

"பழைய மனு மேலே போயிடுத்தும்மா. இனி என் கையிலே இல்லை" என்கிறார் தோத்தாத்ரி.

1970 மே 3

கடையை மூடிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். முதலில் நீங்கள் வாயை மூடுங்கள் என்றேன். பாவம், மூடிக்கொண்டார். இன்னும் எத்தனை மாதம் இப்படித் தாங்கும்? தாங்கும். தாங்காவிட்டால் தாங்க வைப்பேன்.

1971 ஜனவரி 27, புதன்

புதுக் கட்டடம் தயார். இன்று கடைகளுக்குக் குலுக்கல். தோத்தாத்ரி எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "ஹில்டா அம்மாவுக்கு மட்டும் குலுக்கல் இல்லை. மனு இருக்கே! ரோட்டுப் பக்கம் மூலைக் கடை." கை வேறு தட்டினார்கள். கும்பிட்டுத் தொலைத்தேன்.

மீன்கொட்டகை வாசல் கடை எவருக்கு விழுந்தது? ஏகநாதனுக்கு! விபூதி, குங்குமம், கற்பூரம், சாமி படம் விற்கிற ஏகநாதனுக்கு! மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "முருகா, சாமி படத்தை மீன் வாசல்ல எப்படிம்மா மாட்டுவேன்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார் தோத்தாத்ரி.

நான் முகத்தை முடிந்த மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டு, "சரி அண்ணா, உங்க சங்கடம் எனக்குப் புரியுது. என் மூலைக் கடையை எடுத்துக்குங்க" என்றேன். கையெழுத்து போட்டாயிற்று. துள்ளிக் குதிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

ஜனவரி 31, ஞாயிறு

ஏகநாதன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். போதகர் பிரசங்கத்தில், "நம் சபையில் ஒரு சகோதரி, பிற மதத்துச் சகோதரனுக்காக உத்தமமான இடத்தை விட்டுக்கொடுத்தார்கள்" என்றார். வீட்டுக்காரருக்கு இருமல் வந்து எழுந்து வெளியே போய்விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 6, சனி

கடை திறந்தேன். கொட்டகையின் முதல் இடம் வேறொருத்திக்குத்தான் விழுந்தது. அங்காளம்மாள் அவளோடு மல்லுக்கட்டி மாற்றிக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "செவுரு கீதுல்ல, சாஞ்சிக்க" என்கிறாள்.

வெகு நேரம் ஒருவரும் வரவில்லை. என் கணக்கே தப்போ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல்:

"செதிலு ஜாஸ்தி கீதும்மா, நேரமாவும். இன்னாத்துக்குக் கால் கடுக்க நின்னுகினு கீற? வாசல்ல ஹில்டாம்மா கடைல போய் நல்ல ரிப்பனா பாரு. நான் கூப்புடறேன்."

புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். பொத்தான் டப்பாவைக் கிளறினாள். பேச்சுக்கு, என்ன மீன் வாங்கினாய் என்று கேட்டேன்.

"கெளுத்தி மீனுங்க" என்றாள்.

கெளுத்திக்கு ஏது செதில்?

எட்டிப் பார்த்தேன். மீன் எப்போதோ அரிந்து முடிந்து ஓரமாக இருந்தது. அங்காளம்மாள் அரிவாள்மணைமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருஷமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாளா? அவளைப் பற்றியா மனு எழுதினேன்?

"இன்னா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்று உள்ளே வந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ரிப்பன் அளந்ததில் ஒரு சாண் கூடவே போய்விட்டது.