உள்ளங்கையில் ஓர் ஓட்டை

என் பார்வதியக்கா,

உன்னை எட்டாம் நம்பர் மலையில் புதைத்து மூன்று மாதமாகிறது. தேயிலை விலை விழுந்து விழுந்து, கடைசியில் நம் ஃபேக்டரியையும் பூட்டிவிட்டார்கள். லயத்து வரிசையில் இப்போது நாலு வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் லாரி வருகிறது, திருப்பூர் போக.

நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "செத்தவளுக்குக் காவல் இருக்கப் போறியா?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"அவளத் தனியா உட்டுட்டு எப்பிடிங்க வர்றது?"

நீ ஒரு வேடிக்கை காட்டுவாயே, நினைவிருக்கிறதா? தேத்தண்ணி நேரத்தில் ரொட்டி சுற்றிய தாளைக் குழலாகச் சுருட்டி என் வலது கண்ணில் வைப்பாய். இடது உள்ளங்கையைக் குழலை ஒட்டிப் பிடிக்கச் சொல்வாய். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் கை நடுவே வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். முதல் தடவை நான் அலறியதற்கு, "கொழுந்துதான் பேன் பாக்குற மாதிரி எடுக்குற, கத்துறதுல மட்டும் என்ன வேகம்" என்றாய்.

செவ்வாய்க்கிழமை எட்டாம் நம்பருக்குப் போனேன். மதியத்திலேயே மஞ்சு இறங்கியிருந்தது. ஃபேக்டரிக் கதவிலிருந்து கிழிந்து கிடந்த மூடல் நோட்டீசை வழியில் எடுத்திருந்தேன்; அதைச் சும்மா சுருட்டிக் கண்ணில் வைத்தேன். கையில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குள், நீ கொழுந்தெடுக்கும் செடி நிரையில், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நீ நின்றாய்.

கையை எடுத்தேன். தாளையும் கீழே போட்டேன். நீ அங்கேயேதான் நின்றாய்.

பிறகு மெதுவாக உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாய். அதன் நடுவில் வட்டமாக ஓட்டை. அது வழியே உன் பின்னால் இருந்த செடி பச்சையாகத் தெரிந்தது. பயந்தேன் அக்கா. உன்னைப் பார்த்தா பயந்தேன்?

வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. நிரையில் கொழுந்தெடுத்து முடிந்தால் கையைத் தூக்கிக் காட்டுவது நம் வழக்கமில்லையா? எவள் முந்தி முடித்தாலும், மற்றவள் முடிக்கும்வரை நின்று, சேர்ந்துதானே கொழுந்தை நிறுவைக்குக் கொண்டு இறங்குவோம்? ஒரு நாளாவது தனியாக இறங்கியிருக்கிறோமா?

"நானும் வர்றேங்க. அக்கா நிரை முடிஞ்சிருச்சு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் சேலைகளையும் பெட்டியில் எடுத்து வைத்தார்.

லாரியில் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் ஓராள் இடம் விட்டு வைப்பேன். யார் கேட்டாலும் தரமாட்டேன். எட்டாம் நம்பர் வளைவில் வண்டி மெதுவாகத்தான் போகும், ஏறிக்கொள்.

கை தூக்கி நிற்கும்
உன் தங்கச்சி தேவி